கார்கிலுக்குப் போகாத பெரியப்பா

போன வருடம் பெரியப்பா இறந்த அன்று காலை பத்து மணிக்கெல்லாம் தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. கொருக்குப்பேட்டையில் அப்படித்தான், சாவுச் செய்தி சம்பந்தி வீட்டுக்குப் போவதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய்விடும். பத்துக்கு எட்டு சைஸ். பின்னணியில் பனிமலை, உச்சியில் கொடி நடும் வீரர்கள், ஓரத்தில் ஒரு பீரங்கி, அதன் வாயில் நெருப்பு. நடுவில் பெரியப்பா. முகம் மட்டும்தான் அவருடையது, வங்கி அடையாள அட்டையிலிருந்து வெட்டி எடுத்தது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு புண்ணியவானின் ராணுவ உடுப்பு, நெஞ்சு நிறைய மெடல். அடியில் கொட்டை எழுத்தில் 'கார்கில் நாயகனுக்குக் கண்ணீர் அஞ்சலி'.

பெரியப்பா பட்டாளத்தை விட்டு வந்தது 1991-இல். கார்கில் சண்டை நடந்தது 1999, மே முதல் ஜூலை வரை. அந்த மூன்று மாதமும் அவர் பாரிமுனைப் பக்கம் ஒரு வங்கிக் கிளை வாசலில், ரெட்டைக்குழல் துப்பாக்கியை மடியில் சாய்த்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மதியம் பெரியம்மா கட்டிக் கொடுத்த புளிசாதத்தைச் சாப்பிட்டார். இது எனக்குத் தெரியும், அவர் மகனுக்குத் தெரியும், தெருவில் ஐம்பதைத் தாண்டிய அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பதினோரு மணிவாக்கில் அவரோடு பட்டாளத்தில் இருந்தவர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வியாசர்பாடி, இன்னொருவர் ஆவடி. எழுபதைத் தாண்டிய ஆட்கள், ஆனால் சட்டையில் இஸ்திரி மடிப்பு கத்தி மாதிரி நின்றது, ஷூவில் முகம் பார்க்கலாம். மாலை போட்டார்கள், ஐஸ் பெட்டி முன்னால் நின்று ஒரு சல்யூட் அடித்தார்கள், அப்புறம் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு தெருமுனைக்குப் போய் ஃப்ளெக்ஸை நிதானமாகப் படித்தார்கள். வியாசர்பாடிக்காரர் என் பக்கம் திரும்பினார். "கார்கிலா? இவன் என்கூட யாழ்ப்பாணத்துல இருந்தவனாச்சேப்பா." பசங்க தெரியாமல் போட்டுவிட்டார்கள் சார் என்றேன். "தெரியாமலா?" என்று கேட்டுவிட்டு டீயை ஊதினார். ஆவடிக்காரர்தான் சமாதானம் சொன்னார். "விடுப்பா. போர்டுல எத போடலாமோ அத போட்டிருக்காங்க."

அந்தப் 'போடலாமோ' ஒரு வருடமாக என் காதிலேயே நிற்கிறது. அதை இறக்கி வைக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி

பெரியப்பா 1973-இல், பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். தாத்தாவுக்கு பெரம்பூர் பின்னி மில்லில் வேலை. காக்கித் துணிக்குப் பேர்போன மில். மூத்த மகனையும் அதே மில்லில் நுழைத்துவிடலாம் என்று தாத்தா கணக்குப் போட்டிருந்தார். இவர் ஆளெடுப்புக்குப் போய் ஓடிக்காட்டி, மார்பை விரித்துக்காட்டி, 'மெட்ராஸ் சேப்பர்ஸ்' என்கிற பொறியாளர் படையில் சேர்ந்துவிட்டார். 1780-இல் தொடங்கிய படை. அதன் தலைமையிடம் பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, எதிரி புதைத்ததைத் தோண்டி எடுப்பது இவர்கள் வேலை. காலாட்படை போகிற வழியில் இவர்கள் முன்னால் போக வேண்டும். கையில் ஒரு கம்பி, அதைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தி, விரற்கடை விரற்கடையாக நகர வேண்டும். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் போய் இடிக்கும், சாய்த்துக் குத்தினால் விலாவில்தான் படும். இதை எங்களுக்கு அவர் கேசரித் தட்டில் ஸ்பூனை வைத்துச் சொல்லிக் காட்டுவார். முந்திரிதான் கண்ணிவெடி.

அந்தப் படையில் இருக்கிறவர்களுக்கு ராணுவம் முழுக்க ஒரே செல்லப் பெயர், 'தம்பி'. பஞ்சாபி அதிகாரியும் தம்பி என்றுதான் கூப்பிடுவாராம். வீட்டில் மூத்த பிள்ளையாகப் பிறந்து, நாலு பேருக்கு அண்ணனாக இருந்தவர், பதினெட்டு வருடம் தம்பியாக இருந்துவிட்டு வந்தார்.

1987 ஜூலை 29-இல் கொழும்பில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி, மறுநாளிலிருந்து இந்திய அமைதிப்படை போய் இறங்கியதும் அதற்கப்புறம் நடந்ததும் இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகஸ்டில் மாலை, அக்டோபர் பத்தாம் தேதியிலிருந்து புலிகளோடு சண்டை, குண்டு. இரண்டரை வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுத் திரும்பியபோது நம் பக்கத்தில் 1,100 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அங்கே செத்த ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. பெரியப்பா போன படைப்பிரிவும் அந்த அமைதிப்படையில் இருந்தது. அங்கே வயதானவர்கள் யாரைப் பார்த்தாலும் வாய் நிறையத் தம்பிதான். போதாக்குறைக்கு, இவர்கள் தேடிக்கொண்டிருந்த இயக்கத் தலைவரையும் அவருக்கு மூத்தவர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். "யார் யாரைக் கூப்புடுறாங்கன்னே புரியாது" என்று ஒரே ஒரு தடவை பெரியப்பா சொல்லிச் சிரித்திருக்கிறார். யாழ்ப்பாணத்தைப் பற்றி அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அது ஒன்றுதான்.

சங்கரா மீன் குழம்பு

அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது 1990 மார்ச் 24. பெரியப்பா அதற்குச் சில வாரங்கள் முன்பே வந்த ஒரு கப்பலில் வந்துவிட்டார். சென்னைத் துறைமுகத்தில்தான் இறங்கினார். துறைமுகத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் நாலைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். என் அப்பா அப்போது அதே துறைமுகத்தில் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தார். அண்ணன் எந்தக் கப்பலில் வருகிறார் என்று தெரியாமல் வேறொரு பக்கம் மூட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். இறங்கியவர்களை அப்படியே ரயிலேற்றி வடக்கே யூனிட்டுக்குக் கொண்டுபோய், அங்கே எழுதிக் கொடுத்து, லீவு வாங்கி, மறுபடி ரயில் பிடித்து ஏப்ரலில் வீடு வந்து சேர்ந்தார் பெரியப்பா. நாலு கிலோமீட்டருக்கு நாலாயிரம் கிலோமீட்டர் சுற்றி வந்த ஆள் என்று அப்பா பிற்பாடு கிண்டல் செய்வார்.

கடைசிக் கப்பலை வரவேற்க அன்றைய முதலமைச்சர் போகவில்லை என்பது ஊரறிந்த கதை. எங்கள் தெரு அதற்காகக் கைதட்டியது. அப்போது எனக்குப் பதினாலு வயது. சுவரில் போஸ்டர், டீக்கடையில் பேச்சு, பள்ளிக்கூடத்தில் பெஞ்சின் மேல் காம்பஸ் முள்ளால் கீறிய புலித்தலை. அமைதிப்படையைப் பற்றிக் காதில் விழுந்ததெல்லாம் எரிச்சலூட்டுவதாகவே இருந்தது. அந்தப் படையில் நம் வீட்டு ஆள் ஒருத்தர் இருக்கிறார் என்பது எனக்கு வெளியே சொல்லக் கூச்சமான விஷயம். நண்பர்களிடம் அவர் காஷ்மீரில் இருக்கிறார் என்று புளுகியிருந்தேன். யோசித்துப் பார்த்தால், அவரை வேறு ஒரு போருக்கு முதலில் மாற்றி அனுப்பியவன் நான்தான், ஃப்ளெக்ஸ் அடித்த பசங்கள் இல்லை.

அவர் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. எல்லோரும் கூடத்தில் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தோம். சங்கரா மீன் குழம்பு. பெரியப்பாவின் மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. என்னைவிடச் சின்னவர்கள். (பட்டாளத்து மாப்பிள்ளைக்குப் பெண் கொடுக்க யோசித்ததால் தம்பிக்கு அப்புறம்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது.) பெரியப்பா மகனுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்தார். நான் கேட்டேன். "பெரிப்பா, நீங்க எத்தினி தமிழன சுட்டீங்க?"

தெரியாமல் கேட்டது என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அது உண்மையில்லை. இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. தமிழன் என்கிற சொல்லில் எங்கே அழுத்தம் கொடுக்க வேண்டும் என்பதுவரை யோசித்திருந்தேன். அப்பா எச்சில் கையாலேயே என்னை ஒரு அறை விட்டார். கன்னத்தில் குழம்பு. பெரியம்மா "ஐயோ" என்றார். பெரியப்பா எதுவும் சொல்லவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை. மகன் வாய்க்குக் கொண்டுபோன உருண்டையை ஊட்டி முடித்தார். அதற்கப்புறம் தன் தட்டில் இருந்ததையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். எழுந்துபோய் தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு மொட்டைமாடிக்குப் போனார்.

மறுநாள் விடியற்காலை நாலரைக்கு யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து இழுத்தார்கள். பெரியப்பா, கையில் ஒயர்கூடை. லீவில் வரும்போதெல்லாம் என்னைக் காசிமேட்டுக்கு மீன் வாங்கக் கூட்டிப்போவது அவர் வழக்கம். அன்றைக்கும் கூட்டிக்கொண்டு போனார். படகுகள் வந்துகொண்டிருந்தன. ஏலம் கூறுகிற சத்தம், ஐஸ் நொறுக்குகிற சத்தம், கால் வழுக்கும் செதில் தண்ணீர். வவ்வாலின் செவுளைத் தூக்கிப் பார்த்து எது நேற்றைய மீன் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். கூடையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு வந்தோம். நேற்றுக் கேட்ட கேள்வி எங்கேயாவது வரும், வரும் என்று வீடு வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த பத்தொன்பது வருடத்துக்கு வரவில்லை.

நீயே திறந்து காட்டு

1991 ஏப்ரலில் டிஸ்சார்ஜ் எழுதி வாங்கிக்கொண்டு வந்தார். பதினைந்து வருடம் முடித்தால் பென்ஷன் உண்டு. இவர் பதினெட்டு முடித்திருந்தார், நாயக் ரேங்க். அடுத்த மாதம் 21-ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலை. ஒரே இரவில் தெரு தலைகீழானது. சுவரில் இருந்த போஸ்டரை ஒட்டியவர்களே தண்ணீர் ஊற்றிக் கிழித்தார்கள். ஒரு வருடத்துக்கு முன் பெரியப்பா வந்தால் டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து போனவர் ஒருவர், இப்போது "நீங்க அன்னிக்கே போயி அடிச்சீங்க சார்" என்று தோளில் கை போட்டார். பெரியப்பா அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டு, "டீ சொல்லியாச்சா?" என்றார். இரண்டு காலத்திலும் அவர் அதே டீக்கடையில் அதே அரை டீதான் குடித்தார்.

அதற்கப்புறம் அவர் வாழ்ந்த வாழ்க்கை பெரும்பாலும் வீடு. கல்யாணமான முதல் பன்னிரண்டு வருடத்தில், வருடத்துக்கு அறுபது நாள் லீவு என்று கூட்டிப் பார்த்தால் மொத்தம் இரண்டு வருடம்தான் தேறும் என்பது பெரியம்மாவின் கணக்கு. மகள் மூன்று வயதில் அவரைப் பார்த்து "யாரும்மா இந்த மாமா" என்று அழுதவள். அந்தக் கடனை அடைக்கிற மாதிரி மீதி வருடங்களை வீட்டில் செலவழித்தார். பிள்ளைகள் பள்ளிக்கூட ஷூவுக்குப் பாலிஷ், யூனிஃபார்முக்கு இஸ்திரி, ராத்திரி கொசுவலை, எல்லாம் அவர் கையால். அவர் சுடும் சப்பாத்தி ஒன்று தின்றால் அடுத்த வேளை வரைக்கும் பசிக்காது, அவ்வளவு கனம். கேன்டீன் கார்டில் வருகிற ரம்முக்குத் தெருவில் ஏகப்பட்ட மாப்பிள்ளைகள். கல்யாணம், சாவு இரண்டுக்கு மட்டும் கொடுப்பார், காசு வாங்க மாட்டார். 2003 கோடையில் ஊரே தண்ணீருக்குத் தவித்தபோது மெட்ரோ வாட்டர் லாரி வந்தால் எங்கள் தெருவில் அடிதடி இல்லாததற்குக் காரணம் அவர்தான். முந்தின ராத்திரியே பச்சை, நீலம், ஆரஞ்சுக் குடங்களை மூன்று மூன்றாக அணிவகுத்து நிறுத்திவிடுவார். "தீன் தீன் மே!" என்று ஒரு சத்தம். குடத்துக்கு வாயிருந்தால் 'ஜீ சாப்' என்றிருக்கும் என்பார் அப்பா.

அவரிடம் ஒரு விநோதம் இருந்தது. மூடியிருக்கிற எதையும் அவர் திறக்க மாட்டார். சமையலறைக்குப் பெயர் அவர் வாயில் 'குசினி', எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் வராத சொல். அந்தக் குசினி வாசலில் நின்றுகொண்டு, "சோறு இருக்கா, தொறந்து காட்டு" என்பார். பானை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். "மகாராசாவுக்கு மூடியக்கூட நான்தான் தூக்கணும், மிலிட்டரி திமிரு" என்று பெரியம்மா முனகிக்கொண்டே திறப்பார். மகள் பிளஸ் டூ படிக்கும்போது பையில் ஏதோ கடிதம் இருக்கிறது என்று பெரியம்மாவுக்குச் சந்தேகம். கணவரைப் பார்க்கச் சொன்னார். இவர் பையைத் தூக்கிக்கொண்டுபோய் மகள் முன்னால் வைத்து, "நீயே தொறந்து காட்டும்மா, இஷ்டம்னா" என்றார். அவள் காட்டவில்லை. அதோடு விட்டுவிட்டார். (அந்தக் கடிதம் எழுதியவன்தான் இன்றைக்கு மாப்பிள்ளை. கடிதத்தை அன்றே பிடித்திருக்க வேண்டும் என்று அவனே சொல்கிறான்.) 2008 நவம்பரில் மும்பையில் தாக்குதல் நடந்த பிறகு வங்கியில் உள்ளே வருகிறவர்களின் பையைச் சோதிக்கச் சொன்னார்கள். பெரியப்பா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "நீங்களே தொறந்து காட்டுங்கம்மா" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வரிசை நகராது. மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார். மறுநாளும் இவர் கையைப் பின்னால்தான் கட்டிக்கொண்டு நின்றார்.

கார்கில் அவர்மேல் எப்படி ஒட்டியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1999-இல், கார்கிலில் உயிர்விட்ட திருச்சி மேஜர் சரவணனுக்கு ஊரூராக அஞ்சலி நடந்த காலம். தெருவுக்குத் திடீரென்று நம்மிடமும் ஒரு மிலிட்டரிக்காரர் இருக்கிறார் என்பது ஞாபகம் வந்தது. அந்த ஆகஸ்ட் 15-க்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டார்கள். 'கார்கில் வீரம் கண்ட படையின் முன்னாள் வீரர்' என்று ஆசிரியர் அறிமுகப்படுத்தினார். இலக்கணப்படி தப்பில்லாத வாக்கியம். தெருவுக்கு வந்து சேர்வதற்குள் நடுவில் இருந்த இரண்டு மூன்று சொற்கள் உதிர்ந்துவிட்டன. பெரியப்பா மைக்கைப் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடும்போது முதலில் தூசியைத் துடைக்க வேண்டும், அப்படியே பூசக்கூடாது என்று இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கினார்.

மூலக்கொத்தளம், 2009

2009 ஜனவரி 29-ஆம் தேதி ஈழத்தில் போரை நிறுத்தச் சொல்லி சாஸ்திரி பவன் முன்னால் முத்துக்குமார் தீக்குளித்தார். முப்பத்தொன்றாம் தேதி கொளத்தூரிலிருந்து அவர் உடல் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு வந்தது. நான் பார்த்த ஊர்வலங்களில் அவ்வளவு கூட்டம் வேறு எதிலும் இல்லை. மூலக்கொத்தளத்துக்குக் கொஞ்சம் முன்னால், அடைத்திருந்த ஒரு இரும்புக் கடையின் படியில் நான் நின்றிருந்தேன். எதிர்ப்பக்கம் கூட்டத்துக்கு நடுவே பெரியப்பா. அன்றைக்கு வங்கி அரைநாள். சீருடையைக் கழற்றாமலே வந்திருந்தார். செருப்பில்லாமல் நின்றார். ஷூவைக் கழற்றி, அதற்குள் சாக்ஸைச் சுருட்டி வைத்து, ஒரு கையில் பிடித்திருந்தார். வண்டி அவரைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு பையன் தொண்டை கிழியக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தான், இவர் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின் இருவரும் நடந்தே திரும்பினோம். கடைகள் எதுவும் இல்லாததால் டீகூடக் கிடைக்கவில்லை. பாதி தூரம் வந்ததும் அவராகவே, "நீ அன்னிக்குக் கேட்டியே" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

பலாலிப் பக்கம் ஒரு ஊர். 87 ஆகஸ்டில் இவர்கள் கூடாரம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிழவியின் வீடு. மகன்கள் வெளிநாட்டில், இவர் மட்டும் தனியாக. அங்கே கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பார்கள். மெட்ராஸ் என்று சொன்னதும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். தினம் தேத்தண்ணி, கூட ஒரு பனங்கட்டித் துண்டு. "தம்பிக்கு எத்தனை பிள்ளையள்?" என்று தினமும் கேட்டு, தினமும் புதிதாகக் கேட்கிற மாதிரி மகிழ்ந்துபோவாராம். அப்புறம் அக்டோபர். இரண்டு மாதம் கழித்து இவர்கள் பிரிவு அதே ஊருக்குத் திரும்பி வந்தபோது சாலையில் பிளாஸ்டிக் கேனில் வெடிமருந்து, கதவில் கம்பி, காலியான வீடுகளில் பொறி. முந்தின வாரம்தான் ஒரு வீட்டில் மண்பானையைத் திறந்த ஒரு பையனுக்குக் கையும் கண்ணும் போயிருந்தது, பெரியப்பாவோடு அல்சூரில் பயிற்சி எடுத்தவன். எல்லா வீட்டையும் சோதிக்கச் சொல்லி உத்தரவு. கிழவி வீடு பெரியப்பா பங்கில் வந்தது.

சந்தேகமான பொருளைக் கையால் தொடக்கூடாது, கொக்கியை மாட்டிக் கயிற்றைச் சுவருக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து, படுத்துக்கொண்டு இழுக்க வேண்டும். அதுதான் பயிற்சி. அந்த அம்மாவை முற்றத்தில் மாமரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, குசினியில் இருந்த ஒவ்வொரு பானை மூடிக்கும் கொக்கி மாட்டி வெளியே வந்து இழுத்திருக்கிறார். முதல் மூடி. அரிசி. இரண்டாவது மூடி தெறித்து விழுந்து உடைந்தது. உள்ளே மிளகாய்த்தூள். மூன்றாவது இழுப்பில் பானையே உருண்டது. கிணற்று நீரை ஊற்றி வைத்திருந்த பானை அது, குசினி முழுக்கத் தண்ணீர், தண்ணீரில் அரிசி. மொத்தம் பதினோரு தடவை இழுத்தேன் என்றார். பதினொன்றிலும் ஒன்றும் இல்லை. கயிற்றைச் சுற்றிக்கொண்டு வெளியே வரும்போது அந்த அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லையாம். கோபமாகவும் இல்லையாம். "கேட்டிருந்தா நானே திறந்து காட்டியிருப்பனே, தம்பி" என்றாராம்.

எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் லாரிகள் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டிருந்தன. நான் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். நான் கேட்ட கேள்வி எண்ணிக்கை பற்றியது. அவர் சொன்ன எண்ணிக்கை பதினொன்று. வீடு வந்துவிட்டது. வாசலில் ஷூவை வரிசையில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, "சாப்பாடு என்ன?" என்று குரல் கொடுத்தார்.

இதை வைத்து அமைதிப்படைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. 1987 தீபாவளி அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றிப் பின்னாளில் படித்தேன். படித்த ராத்திரி முழுக்க, அன்றைக்கு இவர் எங்கே இருந்தார் என்பதே மண்டைக்குள் ஓடியது. கேட்கவில்லை. பதினாலு வயதில் இருந்த தைரியம் நாற்பதில் இல்லை. அது அவர்மேல் இருந்த மரியாதையா, பதில்மேல் இருந்த பயமா என்று பிரித்துச் சொல்ல எனக்கு இன்றும் வரவில்லை. கிழவி கதையை அவர் எனக்குச் சொன்னது போல வேறு யாருக்காவது சொன்னாரா என்பதும் சந்தேகம்தான். பெரியம்மாவிடம் சொல்லியிருந்தால் அந்த மூடி விஷயத்துக்குத் திமிர் என்று அவர் பெயர் வைத்திருக்க மாட்டார்.

தலைத் திதி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். கட்டிலுக்கடியில் இருந்த அவருடைய கறுப்பு டிரங்குப் பெட்டி, வெள்ளை பெயிண்டில் நம்பர் எழுதியது, மிதந்தே விட்டது. தண்ணீர் வடிந்ததும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து ஃபேனுக்கடியில் காயவைத்தோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். அடுத்த வருடம் அவர் போய், பெரியம்மாவின் குடும்ப பென்ஷனுக்காக நான் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பதிவில் பெரியம்மா பெயரில் ஒரு எழுத்து குறைவு, ஆதாரில் ஒரு எழுத்து கூடுதல். அந்த ஒரு எழுத்துக்கு ஐந்து மாதம். இதைப் பற்றித் தனியாக ஒரு பதிவே எழுதலாம், வேண்டாம். ஆனால் அந்த அலைச்சலில்தான், நீர்க்கறை படிந்த பக்கங்களில் அவர் எங்கெங்கே இருந்தார் என்பது ஆங்கிலத்தில், தேதியோடு, ஒழுங்காக எழுதியிருப்பதைப் பார்த்தேன். அங்கே ஒளிவு மறைவு எதுவும் இல்லை. இலங்கை, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை.

போன மாதம் முதல் வருட நினைவு நாள். மகன் வாட்ஸ்அப்பில் போஸ்டர் வாசகம் எழுதித் தரச் சொன்னான். நான் யோசித்து எழுதி அனுப்பினேன். 'மெட்ராஸ் சேப்பர்ஸ், 1973–1991. இலங்கை, 1987–1990.' இரண்டு நீல டிக் விழுந்து அரைமணி நேரம் பதில் இல்லை. அப்புறம், "அண்ணா, ரெண்டாவது லைன் வேணாமே. பசங்க எதுனா கேப்பாங்க." கார்கிலும் வேண்டாம் என்றேன். சரி என்றான். பேரம் முடிந்தது. 'முன்னாள் ராணுவ வீரர்' என்று மட்டும் போட்டு, பனிமலை இல்லாமல் வெள்ளைப் பின்னணியில் அச்சடித்தோம். பழைய ஃப்ளெக்ஸ் முனையில் இருக்கிற இஸ்திரி வண்டிக்குக் கூரையாகப் போய்விட்டது. வெயிலில் வெளுத்ததில் பீரங்கியும் நெருப்பும் மட்டும்தான் இப்போது தெரிகிறது.

திதி முடிந்து சாப்பாடெல்லாம் ஆன பிறகு பெரியம்மா வாசலுக்கு வந்து போஸ்டரைப் பார்த்தார். கண்புரை அறுவைக்கு அப்புறமும் அவருக்குத் தூரத்து எழுத்து சரியாகத் தெரிவதில்லை. "இன்னா போட்டுகிது, படிச்சுச் சொல்லு" என்றார். படித்தேன். பெயர், பிறப்பு, இறப்பு, முன்னாள் ராணுவ வீரர்.

"அவ்ளோதானா?" என்றார். "பேங்கு போடலியா? இருவத்தோரு வருசம் போயாந்தாரு. டெய்லி ஆறரைக்கெல்லாம் வூட்ல இருப்பாரு."